ஹாலிவுட்டின் குணச்சித்திர நடிகர் என்பவர் யார்? ஹாரி டீன் ஸ்டான்டனை முன்வைத்து ஓர் அறிமுகம்

டேவிட் லிஞ்ச் இயக்கி 1999ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி’ படத்தில், அயோவா மாநிலத்தின் லாரன்ஸ் என்ற சிற்றூரில் வாழும் ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்ற முதியவர், பல ஆண்டுகளாகத் தம்மோடு பேசாதிருக்கும் சகோதரர் லைலுக்குப் பக்கவாதம் வந்துவிட்டதாகக் கேள்விப்படுகிறார். கார் ஓட்டும் உரிமம் அவரிடம் இல்லை, கண்பார்வையும் மங்கிவிட்டது. ஆகவே புல்வெட்டும் வண்டி ஒன்றில் ஏறி அமர்ந்து, விஸ்கான்சின் மாநிலத்தின் மவுண்ட் சயன் வரை ஏறத்தாழ 390 கிலோமீட்டர் தொலைவை வாரக்கணக்கில் ஊர்ந்து கடக்கிறார். ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடும் படத்தில் லைலைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறோமே தவிர, அவரை ஒருமுறையும் பார்ப்பதில்லை. கடைசிக் காட்சியில்தான் பழுதடைந்த ஒரு மரவீட்டிலிருந்து வாக்கரைப் பிடித்தபடி அவர் வெளியே வருகிறார். திண்ணையில் அமர்கிறார், வாசலில் நிற்கும் வண்டியைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவா இதில் இவ்வளவு தூரம் வந்தாய் என்று கேட்கிறார், ஆமாம் என்ற பதிலைக் கேட்டதும் கண் கலங்குகிறார். படம் முடிந்துவிடுகிறது.

லைல் பாத்திரத்தை ஏற்கும் நடிகருக்கு எவ்வளவு கடினமான வேலை தரப்பட்டிருக்கிறது என்பதைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ள அவருக்குக் காட்சி கிடையாது. அவருடைய கடந்த காலத்தைக் காட்டும் நினைவுக் காட்சியும் கிடையாது. சில நிமிடங்களுக்குள், ஓரிரு வரி வசனத்தில், ஒரு நீண்ட பகையும் ஒரு நீண்ட வாழ்வும் அவருடைய முகத்தில் தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் அந்த 390 கிலோமீட்டர் பயணமே வீண். அந்தப் பாத்திரத்துக்கு லிஞ்ச் தேர்ந்தெடுத்தவர், அப்போது எழுபது வயதைக் கடந்திருந்த ஹாரி டீன் ஸ்டான்டன். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் நாயகராக நடித்த படங்களில் பக்கத்தில் நின்று நடித்தவர் அவர். ஹாலிவுட்டில் குணச்சித்திர நடிகர் என்று யாரைச் சொல்கிறார்கள், அவருக்கு என்ன வேலை, அந்த வேலையை எப்படி மதிப்பிடுவது ஆகிய கேள்விகளைப் புதிதாக அணுகுபவருக்கு ஸ்டான்டனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறொருவர் இல்லை என்பது என் கருத்து.

கதையின் போக்கு யாருடைய விருப்பத்தையும் முடிவையும் சார்ந்து நகர்கிறதோ அவர் நாயகர் அல்லது நாயகி. கதை நிகழும் உலகம் உண்மையானது என்று நம்மை நம்பவைக்கும் மனிதர்களை ஏற்று நடிப்பவர் குணச்சித்திர நடிகர். சிறைக் காவலர், மதுக்கடை உரிமையாளர், வேலையிழந்த தந்தை, வழக்கறிஞரின் எழுத்தர், நாயகனோடு ஒரே அறையில் அடைபட்டிருக்கும் கைதி போன்ற பாத்திரங்கள் அவருக்கு உரியவை. பெயரில்லாமல் கூட்டத்தில் நிற்பவரிலிருந்து அவர் வேறுபட்டவர். அவருக்கு வசனமும், பெயரும், தனக்கென்று ஒரு குணமும் உண்டு. ஒரு நட்சத்திரம் ஏதோ ஒரு படத்தில் துணைப் பாத்திரம் ஏற்பதாலேயே குணச்சித்திர நடிகராகிவிடுவதும் இல்லை. துணைப் பாத்திரம் என்பது ஒரு படத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் இடம். குணச்சித்திர நடிப்பு என்பது ஒருவர் ஆண்டுக்கணக்கில் செய்துவரும் தொழில். இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணுவதுதான் தொடக்கத்தில் பலருக்கும் ஏற்படும் குழப்பம்.

ஹோவர்ட் ஹாக்ஸ் இயக்கிய ‘ரியோ பிராவோ’ (1959) இந்த வேறுபாட்டை நேரடியாகவே காட்டும். அதில் ஜான் வேய்ன் ஊர்க் காவல் தலைவர். கொலைக் குற்றவாளி ஒருவனைச் சிறையில் அடைத்து வைத்திருக்கிறார். அவனை மீட்க வெளியே கூலிப்படை காத்திருக்கிறது. வேய்ன் எந்தப் படத்தில் நடித்தாலும் அந்த நிமிர்ந்த நடையும் அளந்த பேச்சும் மாறுவதில்லை. பார்வையாளர் அதற்காகத்தான் சீட்டு வாங்குகிறார்கள், எழுதுபவர்களும் அதை மனத்தில் வைத்தே காட்சிகளை எழுதுகிறார்கள். ஆனால் அந்தச் சிறைச்சாலைக்குள் துப்பாக்கியோடு அமர்ந்து, சாப்பாட்டைப் பற்றியும் தன்னை யாரும் மதிப்பதில்லை என்பதைப் பற்றியும் ஓயாமல் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும் கால் ஊனமுற்ற கிழவர் ஸ்டம்பியாக வால்டர் பிரென்னன் நடித்திருக்கிறார். அவர் இல்லாவிட்டாலும் கதைச் சுருக்கம் பெரிதாக மாறாது. ஆனால் அந்தச் சிறை மனிதர் வாழும் இடமாக இல்லாமல் துப்பாக்கிச் சண்டைக்காகப் போடப்பட்ட அரங்கமாக நின்றுவிடும்.

பிரென்னனின் காலத்தில் இத்தொழிலுக்கு உறுதியான ஓர் அடித்தளம் இருந்தது. 1930களிலும் 1940களிலும் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் நட்சத்திரங்களோடு மட்டுமன்றித் துணை நடிகர்களோடும் நீண்டகால ஒப்பந்தம் செய்துகொண்டு வாரச் சம்பளம் கொடுத்தன. ஆண்டுக்குப் பல பத்துப் படங்களைத் தயாரித்த ஒரு நிறுவனத்துக்கு, எந்த நேரத்திலும் அழைக்கக்கூடிய மருத்துவர்களும் அத்தைகளும் ரவுடிகளும் நீதிபதிகளும் தேவைப்பட்டார்கள். ஒரே முகத்தைப் பார்வையாளர் மீண்டும் மீண்டும் கண்டார்கள். திரையில் அந்த முகம் தோன்றிய கணமே அந்த மனிதர் எத்தகையவர் என்று புரிந்துகொண்டார்கள். விளக்கத்துக்குச் செலவாகக்கூடிய ஐந்து நிமிடங்கள் இதனால் மிச்சமாயின. குணச்சித்திர நடிகரின் முதல் பயன் இதுதான்.

இவர்களுக்கென்று தனி அங்கீகாரம் வேண்டும் என்ற எண்ணமும் அக்காலத்தில்தான் உருவானது. 1936ஆம் ஆண்டின் படங்களுக்காக வழங்கப்பட்ட ஆஸ்கர் விருதுகளில் சிறந்த துணை நடிகர், துணை நடிகை என்ற பிரிவுகள் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டன. முதல் துணை நடிகர் விருதைப் பெற்றவர் பிரென்னன்தான். 1938, 1940ஆம் ஆண்டுகளின் படங்களுக்காகவும் அவரே வென்றார். அக்காலத்தில் கூட்ட நடிகர்களுக்கும் ஆஸ்கர் வாக்குரிமை இருந்தது. பிரென்னனும் 1920களில் கூட்டத்தில் நின்றும் சண்டைக் காட்சிகளில் விழுந்தும் பிழைத்தவர் என்பதால், தங்களில் ஒருவர் என்று அவர்கள் அவருக்கு வாக்களித்தார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. எனினும் அந்த அங்கீகாரம் முழுமையானதாக இருக்கவில்லை. தொடக்க ஆண்டுகளில் முதன்மை நடிகர்களுக்குத் தங்க முலாம் பூசிய சிலை கொடுத்தவர்கள், துணை நடிகர்களுக்கு ஒரு பட்டயத்தை மட்டும் கொடுத்தார்கள். 1943ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் அவர்களுக்கும் அதே சிலை கிடைத்தது. எல்லைக்கோடு எங்கே என்பதிலும் குழப்பம் இருந்தது: 1944ஆம் ஆண்டு வெளிவந்த ‘கோயிங் மை வே’ படத்தில் வயதான பாதிரியாராக நடித்த பேரி ஃபிட்ஸ்ஜெரால்ட், அந்த ஒரே பாத்திரத்துக்காக முதன்மை நடிகர், துணை நடிகர் ஆகிய இரு பிரிவுகளிலும் பரிந்துரைக்கப்பட்டார். துணை நடிகர் விருதை வென்றார். அதன் பிறகு விதி மாற்றப்பட்டது.

நடிகைகளில் தெல்மா ரிட்டரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1902இல் புரூக்ளினில் பிறந்து, நாடக மேடையிலும் வானொலியிலும் பணியாற்றிய அவர், நாற்பதுகளின் நடுவயதில்தான் திரைக்கு வந்தார். ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ (1947) படத்தில் மகனுக்கு விளையாட்டுப் பொருள் தேடிக் கடை கடையாக அலைந்து களைத்துப்போன ஒரு தாயாகச் சிறிது நேரமே வருகிறார். படத்தின் பெயர்ப்பட்டியலில் அவர் பெயர்கூட இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டவர் போட்டிக் கடைக்குப் போகுமாறு நேர்மையாக வழிகாட்டியதைக் கேட்டு அந்தத் தாய் அடையும் வியப்பு, ஒரு பெரிய அங்காடியின் வணிகக் கொள்கையையே மாற்றும் நிகழ்வுகளுக்கு வித்திடுகிறது. அந்த வியப்பை நாம் நம்பவில்லையென்றால் கதையே நகராது. பிறகு ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954) படத்தில், காலுடைந்து நாற்காலியில் கிடக்கும் நாயகனைக் கவனிக்க வரும் செவிலியாக, அடுத்தவர் வீட்டு ஜன்னலை எட்டிப் பார்ப்பது தவறு என்று கண்டித்துவிட்டுத் தானும் எட்டிப் பார்க்கும் பெண்ணாக அவர் நடித்தார். ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அவர் ஒருமுறையும் வெல்லவில்லை. அந்தத் தீர்ப்புகளில் பல எனக்கு ஏற்புடையவை அல்ல.

1948ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஸ்டுடியோக்கள் தம் திரையரங்குகளைத் தம்மிடமிருந்து பிரிக்க வேண்டும் என்ற விளைவைக் கொண்ட தீர்ப்பை வழங்கியது. அதனோடு தொலைக்காட்சியின் வளர்ச்சியும் சேர்ந்துகொள்ள, ஒப்பந்தப் பட்டியல்கள் கலைந்தன. குணச்சித்திர நடிகர் வாரச் சம்பளக்காரர் என்ற நிலையிலிருந்து, படத்துக்குப் படம் வேலை தேடும் உதிரித் தொழிலாளி என்ற நிலைக்கு வந்தார். ஸ்டான்டன் ஹாலிவுட்டுக்குள் நுழைந்தது இந்த நேரத்தில்தான்.

அவர் 1926 ஜூலை 14 அன்று கென்டக்கி மாநிலத்தின் வெஸ்ட் இர்வைன் என்ற ஊரில் பிறந்தவர். தந்தை புகையிலை பயிரிட்டவர். முடிதிருத்தும் தொழிலும் செய்தவர். இரண்டாம் உலகப் போரில் கடற்படையில் சேர்ந்து, ஒகினாவா போரின்போது ஒரு கப்பலில் சமையற்காரராக இருந்தார் ஸ்டான்டன். போர் முடிந்ததும் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில் இதழியலும் வானொலிக் கலையும் படித்தார். அங்கே நாடகத்தில் நாட்டம் ஏற்பட்டு, கலிஃபோர்னியாவின் பாசடீனா பிளேஹவுஸ் நாடகப் பள்ளிக்குச் சென்று பயின்றார். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் ‘கன்ஸ்மோக்’, ‘ராஹைட்’ போன்ற தொலைக்காட்சி வெஸ்டர்ன் தொடர்களில் தொடர்ந்து வந்துபோனார். பெரும்பாலும் குதிரைத் திருடன், கொள்ளைக் கூட்டத்தில் ஒருவன், நாயகனிடம் அடிபடுபவன். ஹாரி ஸ்டான்டன் என்ற பெயரில் வேறொரு நடிகர் இருந்ததால், அக்காலப் பெயர்ப்பட்டியல்களில் இவர் டீன் ஸ்டான்டன் என்றே குறிப்பிடப்பட்டிருப்பார். ஒல்லியான உடல், குழிந்த கன்னம், தூக்கம் போதாதவை போன்ற கண்கள் ஆகியவற்றைக் கொண்ட அவரை நாயகன் வேடத்துக்கு யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

இங்கே குணச்சித்திர நடிகர்களுக்குள்ளேயே இருக்கும் ஒரு பிரிவைச் சொல்லியாக வேண்டும். ஒரு வகையினர் ஒவ்வொரு பாத்திரத்திலும் தம்மை அடையாளம் தெரியாமல் மாற்றிக்கொள்பவர்கள். குரல், நடை, உடல் எடை, பேச்சு வழக்கு எல்லாம் மாறும். ‘கப்போட்டி’ (2005) படத்தில் எழுத்தாளராக நடித்து முதன்மை நடிகருக்கான ஆஸ்கரையே பெற்ற ஃபிலிப் சீமோர் ஹாஃப்மன் இவ்வகையில் சிறந்து விளங்கினார். மற்றொரு வகையினர் தம்மை அதிகம் மாற்றிக்கொள்ளாதவர்கள். அவர்களுடைய குரலும் முகமும் படத்துக்குப் படம் அப்படியேதான் இருக்கும். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அந்த மனிதர் வேறொரு வாழ்க்கை வாழ்ந்தவராகத் தெரிவார். ஸ்டான்டன் இரண்டாம் வகை. முதல் வகையின் திறமை உடனே கண்ணில் படும். விருதுகளும் பெரும்பாலும் அதற்கே கிடைக்கின்றன. இரண்டாம் வகையின் திறமையைப் பார்த்துப் பழக வேண்டும்.

அந்தத் திறமை அவருக்கு எப்படி வாய்த்தது என்பதற்கு அவரே பலமுறை சொன்ன ஒரு நிகழ்வு உண்டு. மோன்டி ஹெல்மன் இயக்கிய ‘ரைட் இன் த வேர்ல்விண்ட்’ (1966) என்ற வெஸ்டர்ன் படத்துக்கு, அவருடைய நெருங்கிய நண்பர் ஜாக் நிக்கல்சன் திரைக்கதை எழுதினார். அதில் ஒற்றைக் கண்ணை மூடிக் கட்டிய கொள்ளைக் கூட்டத் தலைவன் வேடத்தை ஸ்டான்டனுக்குக் கொடுத்த நிக்கல்சன், எதையும் நடித்துக்காட்ட முயல வேண்டாம், நீ நீயாகவே இரு, பாத்திரத்தை உடை பார்த்துக்கொள்ளும் என்று சொன்னாராம். தம் நடிப்பு முழுவதையும் மாற்றிய அறிவுரை அதுவே என்று ஸ்டான்டன் கருதினார். இதைச் சோம்பலுக்குக் கிடைத்த அனுமதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நாயகனுக்குக் காட்சிகள் நிறைய உண்டு. ஓர் இடத்தில் குறைந்தால் இன்னோரிடத்தில் ஈடுசெய்யலாம். இரண்டே காட்சிகளில் வருபவர், கிடைத்த இடத்திலெல்லாம் திறமையைக் காட்டிவிட வேண்டும் என்று தவிப்பது இயல்பு. அந்தத் தவிப்பை அடக்குவது, எதிரில் இருப்பவர் பேசுவதை உண்மையாகவே கேட்பது, கேட்டதற்கு மட்டும் எதிர்வினை செய்வது ஆகியவையே ஸ்டான்டன் கற்றுக்கொண்ட பாடம்.

‘கூல் ஹேண்ட் லூக்’ (1967) படத்தில் அதன் பலனைக் காணலாம். பால் நியூமன் நாயகனாக நடித்த அந்தச் சிறைப்படத்தில் ஸ்டான்டன் டிராம்ப் என்ற கைதி. நோயுற்ற தாய் மகனைக் கடைசியாகப் பார்க்க வரும் காட்சியில், அவர் கிதாரை வைத்துக்கொண்டு ஒரு பழைய பக்திப் பாடலைப் பாடுகிறார். காட்சி தாய்க்கும் மகனுக்கும் உரியது. பாடுபவர் அதைத் தம் பக்கம் இழுக்க முயலவே இல்லை. ஆனால் அந்தக் குரல் இல்லாமல் அக்காட்சியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ (1979) இன்னும் விரிவாகப் பேச வேண்டிய படம். விண்வெளிச் சரக்குக் கப்பலான நோஸ்ட்ரோமோவில் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் பிரெட் என்ற இயந்திரத் தொழிலாளியாக, பூப்போட்ட சட்டையும் தொப்பியும் அணிந்து ஸ்டான்டன் வருகிறார். அவரும் யாஃபெட் கோட்டோ நடித்த பார்க்கரும் தங்களுக்கு மற்றவர்களைவிடக் குறைந்த பங்குதான் கிடைக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்கிறார்கள். பார்க்கர் எதைச் சொன்னாலும் பிரெட் ‘ரைட்’ என்று ஒற்றைச் சொல்லில் ஒத்துப்போகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் இது வெறும் பொழுதுபோக்குப் பேச்சு. ஆனால் இந்தப் பேச்சுதான் அந்தக் கப்பலைக் கற்பனை உலகத்திலிருந்து கீழே இறக்கி, கூலிக்கு ஆள் வேலை செய்யும் ஒரு தொழிற்கூடமாக ஆக்குகிறது. அதன் பிறகு காணாமல் போன பூனையைத் தேடி பிரெட் தனியே செல்கிறார். உயரமான அறை, மேலிருந்து சங்கிலிகள் தொங்குகின்றன, தண்ணீர் சொட்டுகிறது. அவர் தொப்பியைக் கழற்றி, முகத்தை நிமிர்த்தி, அந்தத் தண்ணீரைச் சிறிது நேரம் முகத்தில் வாங்கிக்கொள்கிறார். கதைக்கு அந்தச் செயல் தேவையே இல்லை. ஆனால் புழுக்கத்தில் நெடுநேரம் உழைத்த ஒருவர் என்ன செய்வாரோ அதை அவர் செய்கிறார். அடுத்து, முழுதாக வளர்ந்துவிட்ட அந்த உயிரினத்துக்கு முதல் இரையாகிறார். நமக்கு ஏற்படும் திகிலில் பாதி அந்த உயிரினத்தின் உருவத்தால் வருகிறதென்றால், மறுபாதி அந்தத் தண்ணீரை முகத்தில் வாங்கிய மனிதரால் வருகிறது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இவற்றுக்கிடையே ‘தி காட்ஃபாதர்: இரண்டாம் பாகம்’ (1974) படத்தில் சாட்சியைக் காவல்காக்கும் எஃப்.பி.ஐ. அலுவலராக, பெயரே இல்லாத பாத்திரத்திலும் அவர் வந்திருக்கிறார். வரலாற்றில் நிலைத்த ஒரு படத்தின் ஓரத்தில் நிற்பதும், யாரும் நினைவில் வைத்திராத ஒரு படத்தைத் தாங்கிப் பிடிப்பதும் இந்தத் தொழிலில் ஒரே மாதிரியான வேலைநாட்கள்தான். ஊதியம் நாள் கணக்கிலோ வாரக் கணக்கிலோ வரும். நடிகர் சங்கம் குறைந்தபட்ச ஊதியத்தை நிர்ணயிக்கும். 1960ஆம் ஆண்டு நடந்த வேலைநிறுத்தத்தின் பயனாக, அதன் பிறகு எடுக்கப்பட்ட திரைப்படங்கள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும்போது நடிகர்களுக்கு மறு ஊதியம் கிடைக்கத் தொடங்கியது. ஓய்வூதிய, மருத்துவ நிதியும் உருவானது. பெரும் நட்சத்திரங்களைவிட, வேலை கிடைக்காத மாதங்களை அவ்வப்போது சந்திக்க நேர்ந்த குணச்சித்திர நடிகர்களுக்கே அது அதிகம் உதவியது.

வேலையைப் பெற்றுத் தருவதில் பாத்திரங்களுக்கு நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் வல்லுநர்களின் பங்கு பெரியது. ஸ்டுடியோப் பட்டியல்கள் கலைந்த பிறகு, எந்த நாடக மேடையில் யார் இருக்கிறார்கள், எந்தத் தொலைக்காட்சித் தொடரில் யாருடைய ஒரு நிமிடம் நன்றாக இருந்தது என்பதையெல்லாம் நினைவில் வைத்திருந்தவர்கள் லின் ஸ்டால்மாஸ்டர், மரியன் டோஹர்ட்டி போன்றவர்கள். அவர்களில் ஸ்டால்மாஸ்டருக்கு 2016இல் கௌரவ ஆஸ்கர் வழங்கப்பட்டது. இந்தப் பணிக்கென்று தனி ஆஸ்கர் பிரிவோ 2025ஆம் ஆண்டின் படங்களிலிருந்துதான் தொடங்குகிறது. இவ்வளவு தாமதம் நியாயமற்றது.

ஸ்டான்டனின் வாழ்க்கையில் திருப்பம் 1984இல் வந்தது. நாடக ஆசிரியரும் நடிகருமான சாம் ஷெப்பர்டை சான்டா ஃபேயில் ஒரு மதுக்கடையில் சந்தித்துப் பேசிக்கொண்டிருந்தபோது, தமக்குக் கிடைக்கும் வேடங்கள் சலித்துவிட்டன, அழகோ நுண்ணுணர்வோ கொண்ட ஏதாவது ஒன்றைச் செய்ய விரும்புகிறேன் என்று ஸ்டான்டன் சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஷெப்பர்ட் எழுத, ஜெர்மானிய இயக்குநர் விம் வெண்டர்ஸ் இயக்கிய ‘பாரிஸ், டெக்சஸ்’ படத்தின் முதன்மைப் பாத்திரமான டிராவிஸ் அவரைத் தேடி வந்தது. அப்போது அவருக்கு வயது ஐம்பத்தேழையொட்டி இருந்தது. சிவப்புத் தொப்பியும் கசங்கிய கோட்டும் அணிந்து பாலைவனத்திலிருந்து நடந்து வரும் டிராவிஸ், படத்தின் தொடக்கத்தில் நெடுநேரம் ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேச்சில்லாத முகத்தை வைத்துக்கொண்டே ஒரு படத்தைத் தொடங்குவது எந்த இயக்குநருக்கும் அச்சமூட்டும் முடிவு. அதைத் தாங்கும் பழக்கம், பிறருடைய குளோசப்புகளுக்கு எதிரில் அமைதியாக நின்று பல ஆண்டுகள் வேலை செய்த ஒருவரிடம் இருந்தது.

படத்தின் முடிவை நெருங்கும்போது, பிரிந்துபோன மனைவியை டிராவிஸ் ஹூஸ்டனில் கண்டுபிடிக்கிறார். அவள் பணியாற்றும் இடத்தில் இருவருக்கும் நடுவே ஒரு கண்ணாடி. அவரால் அவளைப் பார்க்க முடியும், அவளால் அவரைப் பார்க்க முடியாது. தொலைபேசியில் பேச வேண்டும். அவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டியபடி, யாரோ இருவரின் கதையைப் போலத் தங்கள் கதையைச் சொல்கிறார். நாயகனாக நடித்துப் பழகிய ஒருவர் இக்காட்சியில் அழுது, குரலை உயர்த்தி, பார்வையாளரைக் கலங்கவைக்கப் பாடுபட்டிருப்பார். ஸ்டான்டன் குரலை உயர்த்தவே இல்லை. சொல்வது யார் என்பதை நஸ்டாசியா கின்ஸ்கியின் முகம் மெல்ல உணர்ந்துகொள்ள இடம்விட்டு, தாம் ஒதுங்கி நின்றே பேசுகிறார். படத்தின் நடுவில் இருக்கும்போதும் அவர் குணச்சித்திர நடிகராகவே நடித்தார் என்பதால்தான் அந்தக் காட்சி இவ்வளவு ஆழமாக இறங்குகிறது. கான் திரைப்பட விழாவின் உயரிய தங்கப் பனை விருதை அந்தப் படம் பெற்றது.

அதன் பிறகு அவர் நட்சத்திரமாகிவிடவில்லை. மீண்டும் துணைப் பாத்திரங்களுக்கே திரும்பினார். அதே 1984இல் ‘ரெப்போ மேன்’ படத்தில், தவணை கட்டாதவர்களின் கார்களைப் பறிமுதல் செய்யும் பட் என்ற முரட்டு மனிதராகவும், ‘ரெட் டான்’ படத்தில் எதிரிகளின் முகாமில் அடைபட்ட தந்தையாகவும் வந்தார். ‘பிரிட்டி இன் பிங்க்’ (1986) படத்தில் மனைவி விட்டுச்சென்ற துயரிலிருந்து மீளாத, வேலைக்குப் போகாத தந்தையாக நடித்தார். பதின்ம வயதினருக்கான அந்தப் படத்தில், பெரியவர் ஒருவரின் துயரமும் மதிப்போடு காட்டப்பட்டிருப்பதற்கு அவரே காரணம். ‘தி கிரீன் மைல்’ (1999) படத்தில், மரண தண்டனை நிறைவேற்றத்துக்கு முன் நடக்கும் ஒத்திகையில் கைதியின் இடத்தில் அமர்த்தப்படும் டூட்-டூட்டாக வருகிறார். அவர் அங்கே கேலியாகப் பேசிச் சிரிக்கவைப்பதால், உண்மையான தண்டனை நிகழும்போது அந்த மின்சார நாற்காலியைப் பார்க்கவே நமக்குத் துணிவு வருவதில்லை. ஆஸ்கருக்கு அவர் ஒருமுறையும் பரிந்துரைக்கப்படவில்லை.

திரை விமர்சகர் ரோஜர் ஈபர்ட், ஹாரி டீன் ஸ்டான்டனோ எம். எம்மெட் வால்ஷோ துணைப் பாத்திரத்தில் நடித்த எந்தப் படமும் முற்றிலும் மோசமாக இருக்க முடியாது என்று ஒரு விதியை வகுத்தார். அதற்கு விலக்கான படங்கள் உண்டு என்பதைப் பின்னர் அவரே ஒப்புக்கொள்ளவும் செய்தார். ‘பிளேட் ரன்னர்’ (1982) படத்தின் காவல் அதிகாரியாகவும், ‘பிளட் சிம்பிள்’ (1984) படத்தில் வியர்த்து வழியும் தனியார் துப்பறிவாளராகவும் நடித்த வால்ஷ் 2024இல் மறைந்தார். ஈபர்ட்டின் விதி விளையாட்டாகச் சொல்லப்பட்டதாகத் தோன்றினாலும் அதில் பொருள் இருக்கிறது. மோசமான படத்திலும் இத்தகைய ஒருவர் வரும் இரண்டு நிமிடங்கள் உண்மையானவையாக இருக்கும். அந்த இரண்டு நிமிடங்களுக்கு அவர் மட்டுமே பொறுப்பு.

முதுமை நாயகர்களின் வாய்ப்பைக் குறைக்கும். குணச்சித்திர நடிகருக்கோ அது புதிய பாத்திரங்களைக் கொண்டுவரும். எண்பது வயதை எட்டும் பருவத்தில், 2006இல் தொடங்கிய ‘பிக் லவ்’ தொலைக்காட்சித் தொடரில், பலதார மணத்தைப் பின்பற்றும் ஒரு சமயக் குழுவின் தலைவர் ரோமன் கிராண்டாக நடித்தார் ஸ்டான்டன். மென்மையாகப் பேசியே அச்சுறுத்தும் அந்த மனிதரைக் கண்டவர்கள் டிராவிஸாக நடித்தவர்தான் இவரா என்று வியந்திருப்பார்கள். 2017இல் வெளிவந்த ‘லக்கி’ அவருடைய இரண்டாவது பெரிய முதன்மைப் பாத்திரம். அதை இயக்கிய ஜான் கேரல் லிஞ்ச்சும், ‘ஃபார்கோ’ (1996) படத்தில் காவல்துறை அதிகாரியின் அன்பான கணவராகவும் ‘சோடியாக்’ (2007) படத்தில் கொலைச் சந்தேகத்துக்கு உள்ளானவராகவும் நடித்த ஒரு குணச்சித்திர நடிகரே. பாலைவனச் சிற்றூரில் தனியே வாழும், கடவுள் நம்பிக்கையற்ற தொண்ணூறு வயது முதியவரின் அன்றாடத்தைக் காட்டும் அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வருவதற்கு இரண்டு வாரங்களுக்கு முன், 2017 செப்டம்பர் 15 அன்று, தமது 91ஆம் வயதில் ஸ்டான்டன் காலமானார்.

இவருடைய படங்களைப் பார்க்கத் தொடங்க விரும்புபவர் ‘பாரிஸ், டெக்சஸ்’ படத்தை முதலில் பார்க்க வேண்டாம் என்பது என் பரிந்துரை. முதலில் ‘கூல் ஹேண்ட் லூக்’ படத்தைப் பார்த்து, டிராம்ப் எங்கே நிற்கிறார், நியூமன் பேசும்போது அவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனிக்கலாம். அடுத்து ‘ஏலியன்’. அதில் பிரெட் மறைந்த பிறகு கப்பலின் சூழல் எப்படி மாறுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பேச்சும் குறையும், அன்றாட வாழ்க்கையின் சாயலும் போய்விடும். அதன் பின் ‘பிரிட்டி இன் பிங்க்’ படத்தில் தந்தையும் மகளும் பேசும் காட்சிகளை ஒருமுறை கதைக்காகவும், இன்னொரு முறை அவர் கேட்கும் விதத்துக்காகவும் பார்க்கலாம். இவற்றுக்குப் பிறகு ‘பாரிஸ், டெக்சஸ்’ படத்துக்கு வந்தால், தொடக்கத்தில் டிராவிஸ் காக்கும் அந்த நீண்ட மௌனத்தை அவர் எங்கே கற்றார் என்பது தெரிந்திருக்கும்.